உரிமம்: பரிமளா, ஆரணி

கோடம்பாக்கம், சென்னை
3 ஜூன் 2002

அன்புள்ள அண்ணிக்கு,

ப்ரியா எழுதுவது. நான் நலம். இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனை அண்ணன்தான் எடுப்பார், எடுத்தால் சிரித்தே பேச்சை மாற்றிவிடுவார். அதனால்தான் கடிதம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன வாரம் காஞ்சிபுரம் போயிருந்தேன். சுப்பராயலு என்று ஒரு ஜவுளிக்காரர், நானும் அருணகிரியும் சேர்ந்து எழுதிய 'இழை' மென்பொருளைப் பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். புடவைக் கரையையும் முந்தியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து காட்டினேன். தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டையில் எந்தெந்த இடத்தில் துளை விழ வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டு அச்செடுப்பதையும் காட்டினேன். மனிதர் பொறுமையாகப் பார்த்தார். பார்த்து முடித்ததும் மேஜை டிராயரைத் திறந்து ஒரு சிடியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுவும் அதானேம்மா? ஆரணியில சும்மா மாதிரி குடுத்துகினு இருக்கறாங்க. நீ எதுக்கு அவ்ளோ வெல சொல்ற?"

வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பிரிண்டர் வயர் சொருகும் இடத்தில் நாங்கள் தரும் சின்னப் பூட்டைச் சொருகினால்தான் இழை திறக்கும். உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த சிடி பூட்டையே கேட்கவில்லை. நேராகத் திறந்தது. முதல் திரையில் வாங்கியவர் பெயர் வருமே, அங்கே 'உரிமம்: பரிமளா, ஆரணி' என்று வந்தது.

கம்ப்யூட்டரை மூடிவிட்டுச் சுப்பராயலுவிடம் விடைபெற்றுக்கொண்டேன்.

அண்ணி, பூட்டில்லாத பிரதி ஒன்றே ஒன்றுதான் வெளியே போயிருக்கிறது. அது உங்களுக்குக் கொடுத்தது. அருணகிரி வேண்டாம் என்றார். "வீட்டு மனுஷிக்கு எதுக்குப் பூட்டு" என்று சண்டை போட்டு நான்தான் எடுத்து வந்தேன்.

நீங்கள் கரை வரையும் டிசைன் ரூமுக்கு யார் யார் வருகிறார்கள்? மெஷின் நின்றுபோனால் இப்போதும் அந்த கம்ப்யூட்டர் சென்டர் லோகநாதன்தான் வந்து பார்க்கிறாரா? அவர் பார்க்கும்போது நீங்கள் பக்கத்தில் இருப்பீர்களா? நான் கொடுத்த சிடி எங்கே இருக்கிறது?

நீங்கள் கொடுத்துவிட்டீர்கள் என்று சொல்லவில்லை. உங்களிடமிருந்து போயிருக்கிறது என்றுதான் சொல்கிறேன். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
ப்ரியா


கொசப்பாளையம், ஆரணி
11 ஜூன் 2002

ப்ரியாவுக்கு,

சின்னவனுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது. நீ கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

நீ கொடுத்த சிடி பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது எனக்கே என் மேல் கோபம் வந்தது. நீ கேட்ட உடனே நான் ஏன் ஓடிப் போய்ப் பீரோவைத் திறக்க வேண்டும்?

ரூமுக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். தறிக்காரர் வருவார், கடைக்காரர் வருவார், அட்டை போடுகிறவர் வருவார். தொழில் நடக்கும் இடம். லோகநாதன் மெஷின் படுத்துக்கொள்ளும்போது வருகிறார், சரி செய்கிறார், காபி குடித்துவிட்டுப் போகிறார். நான் அடுப்பை விட்டுவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

நீ கேட்டதால் நானும் ஒன்று கேட்கிறேன். சித்திரையில் புது இழை கொண்டுவந்து கொடுத்தாயே, அதில் 'மாதிரிகள்' என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறாய். அதைத் திறந்தால் இலைக்கரை என்று ஒன்று இருக்கிறது. அது என்னுடைய புளியிலைக் கரை.

தேவிகாபுரம் போகும் வழியில் பஸ் நின்றுபோய், ரோட்டோரப் புளியமரத்தில் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்து, அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தது. இலை இலையாக இரண்டு பக்கமும் சரிவாக ஏறி நுனியில் ஒன்றாகச் சேரும். அந்த நுனிக்கே எத்தனை கிராஃப் தாளைக் கசக்கினேன் என்று உங்கண்ணனைக் கேள். அச்செடுக்கும்போது உன் மென்பொருள் அந்த நுனியில் ஒரு வரியை விழுங்கியது. கோளாறைப் பார்த்துச் சொல் என்று பிளாப்பியில் போட்டு உனக்கு அனுப்பினேன். கோளாறைச் சரி செய்தாய். கரையை வைத்துக்கொண்டாய்.

போன வாரம் சேவூரிலிருந்து ஒருவர் ஒரு புடவையைக் கொண்டுவந்து விரித்தார். "இதே மாதிரி ஒண்ணு வரஞ்சி குடுங்கம்மா, நல்லா ஓடுது" என்றார். என் கரையை எனக்கே காட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பார்க்கலாம் என்றேன்.

சிடியில் என் பேர் இருந்தால் அது திருட்டுக்குச் சாட்சி. கரையில் மட்டும் என் பேர் இருக்கக் கூடாதா?

என் மெஷினில் இருக்கும் விண்டோஸை நீதான் போட்டுக் கொடுத்தாய். மார்க்கர் பேனாவில் எழுதிய ஒரு வெள்ளை சிடியிலிருந்து. அதற்கு பில் இருந்ததா? உன்னைப் போலவே கேட்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பரிமளா


சென்னை
20 ஜூன் 2002

அண்ணிக்கு,

குழந்தையைப் பற்றிக் கேட்காதது என் தப்பு. எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

புளியிலைக் கரை. புது இழையை அவசரமாக வெளியே விட வேண்டியிருந்தது. காட்டுவதற்கு மாதிரிகள் வேண்டும். கையில் இருந்தது அது. வீட்டு டிசைன்தானே என்று போட்டுவிட்டேன். இதில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆரணியில் எந்தக் கரைக்குத் தனியாகச் சொந்தக்காரர் இருக்கிறார்? வந்தவாசியில் ஒரு கல்யாணத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாளின் முந்தியைப் பார்த்து, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் நீங்கள் வரைந்தீர்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தப் புடவையை வரைந்தவர் யார் என்று நாம் இருவருமே கேட்கவில்லை. அடுத்த மாதம் அது உங்கள் தறிக்காரரிடம் ஓடியது.

விண்டோஸுக்கு பில் இல்லை. இந்த ஊரில் யாரிடமும் இல்லை. அந்தக் கம்பெனிக்கு உலகம் முழுக்க வியாபாரம். உங்கள் மெஷின் ஒன்றில் அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது. எங்களுக்கு ஆகிறது. நாங்கள் இரண்டு பேர், மாடியில் ஒரு அறை. இரண்டு வருஷமாக வேறு வேலை பார்க்கவில்லை. அந்த சிடி கிளம்பியதிலிருந்து ஆரணியிலிருந்து ஒரு ஆர்டர்கூட வரவில்லை. ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தவர்களும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள்.

அருணகிரி போலீசில் புகார் கொடுக்கலாம் என்கிறார். வேண்டாம் என்று நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். என்ன நடந்திருக்கும், யார் யார் உங்கள் ரூமுக்கு வருவார்கள் என்பதையெல்லாம் அவர் கேட்டதால் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எழுதலாமா வேண்டாமா என்று தெரியாமல் கடைசியில் எழுதுகிறேன். மே மாதம் பேசும்போது அண்ணன் புது மானிட்டர் வாங்கியதாகச் சொன்னார். லோகநாதன் பாதி விலைக்குக் கொடுத்தாராம். லோகநாதன் எதற்காகப் பாதி விலைக்குக் கொடுத்தார் என்று நீங்கள் கேட்டீர்களா?

தேவிப்ரியா


ஆரணி
9 ஜூலை 2002

தேவிப்ரியாவுக்கு,

நேற்றுக் காலை போலீஸ் வந்தது.

முதலில் பஸ் ஸ்டாண்டு ரோட்டில் லோகநாதன் சென்டருக்குப் போயிருக்கிறார்கள். மெஷின் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார்களாம். படிக்க வந்த பெண்கள் நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறார்கள். அதன் பிறகு நம் வீடு.

போலீஸோடு சென்னையிலிருந்து முழுக்கைச் சட்டை போட்ட இரண்டு பேர். விண்டோஸ் செய்யும் அந்தப் பெரிய கம்பெனிக்காக வந்தவர்கள். மெஷினைப் போடச் சொன்னார்கள், பார்த்தார்கள். விண்டோஸுக்கு பில் இருக்கிறதா என்றார்கள். இல்லை என்றேன். இழையைத் திறந்து அதையும் குறித்துக்கொண்டார்கள். மெஷினைக் கட்டிக்கொண்டு போக எங்களிடமே கயிறு கேட்டார்கள். உங்கண்ணன் நூல் மூட்டை கட்டும் கயிற்றை எடுத்துக் கொடுத்தார்.

ஆவணி முகூர்த்தத்துக்குத் தர வேண்டிய டிசைன் அத்தனையும் அதற்குள்ளே இருக்கிறது. தெரு முழுக்க நின்று பார்த்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

வந்தவர்களில் ஒருவன் முன்வாசலுக்கு வரவே இல்லை. "சந்துப் பக்கம்தான ரூமு" என்று சொல்லிக்கொண்டே நேராகப் பக்கத்துச் சந்தில் நுழைந்து ரூம் கதவைத் தட்டினான். அந்தக் கதவு வெளியூர்க்காரன் யாருக்கும் தெரியாது.

ஒன்றுதான் கேட்கிறேன். நீயா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. காரணம் எழுத வேண்டாம்.

பரிமளா


சென்னை
13 ஜூலை 2002

அண்ணிக்கு,

இல்லை.

காரணம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கடிதம் வந்ததும் அருணகிரியிடம் கேட்டேன். முதலில் இல்லை என்றார். சாப்பிடப் போய்விட்டு வந்து ஆமாம் என்றார். அந்தப் பெரிய கம்பெனிக்காகத் திருட்டு சிடிகளைத் தேடிக்கொண்டிருக்கும் ஆட்கள் அவரிடம் பேசியிருக்கிறார்கள். வடக்கு மாவட்டங்களில் எங்கே விற்கிறது என்று கேட்டார்களாம். இவர் லோகநாதன் சென்டரைச் சொல்லியிருக்கிறார். கூடவே, அந்த சிடியில் வரும் பேர் யாருடையது என்று கேட்டதற்கு உங்கள் வீட்டையும் சொல்லியிருக்கிறார்.

"லோகநாதனத்தான் புடிப்பாங்கன்னு நெனச்சேன். உங்க அண்ணி வீட்டுக்குப் போவாங்கன்னு நான் கண்டனா?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் நம்பலாம் போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நம்ப முடியவில்லை.

சந்துக் கதவை அவருக்குச் சொன்னது நான்தான். எப்போதோ, உங்கள் ரூமைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது சொன்னது. புகார் கொடுத்தது நான் இல்லை. கொடுக்கக்கூடியவரிடம் வழியைச் சொல்லி வைத்திருந்தேன்.

இன்னொரு விஷயம். உங்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருப்பார்கள், அல்லது கூப்பிடுவார்கள். விண்டோஸை யார் போட்டது என்று கேட்டால் என்ன சொன்னீர்கள்? அல்லது என்ன சொல்லப் போகிறீர்கள்? இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால் நல்லது என்பதற்காகத்தான் கேட்கிறேன். பெங்களூரில் ஒரு கம்பெனி என்னை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறது. இந்தச் சமயத்தில் என் பேர் எங்கேயும் வராமல் இருந்தால் உதவியாக இருக்கும்.

படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள்.

ப்ரியா


ஆரணி
19 ஜூலை 2002

தேவிப்ரியாவுக்கு,

உன் கடிதத்தின் முதல் வார்த்தையை நம்பினேன். கடைசிப் பத்தி வரைக்கும்.

ஸ்டேஷனில் நடந்ததை எழுதுகிறேன். பிறகு நீயே முடிவு செய்துகொள். என்னையும் உங்கண்ணனையும் லோகநாதனையும் ஒன்றாகத்தான் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் வயதானவர், குரலை உயர்த்தாத மனிதர். மேஜையில் அந்த இழை சிடி இருந்தது. லோகநாதனைப் பார்த்து, "இது உனுக்கு எப்பிடிய்யா வந்தது?" என்றார்.

லோகநாதன் தரையைப் பார்த்தார். பிறகு உங்கண்ணனைப் பார்த்தார். "அண்ணன்தான் சார் குடுத்தாரு. நான் திருடல. கேட்டேன், குடுத்தாரு."

நான் உங்கண்ணன் பக்கம் திரும்பவில்லை. அவர் குரல்தான் கேட்டது. "ஆமா சார். மானிட்டர் ஒண்ணு கொறச்சலா போட்டுக் குடுத்தாரு. புள்ளைங்க கத்துக்கணும், அந்த சிடிய ஒரு நாளு குடுங்கன்னாரு. குடுத்தேன். மறுநாளே திரும்பி வந்துட்டுது. என் வூட்ல இருந்தது எங்கயும் கொறையல. இதுல இன்னா தப்புன்னு இன்னும் எனுக்குப் புரியல சார்."

லோகநாதனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "எல்லாத்தையும் காசு குடுத்து வாங்கித்தான் கத்துக்கணும்னா, பெரணமல்லூர்லேந்து பஸ்ஸு புடிச்சி வர்ற பொண்ணு எந்தக் காலத்துல சார் கம்ப்யூட்டர தொடும்? என்னாண்ட படிச்சவங்க இன்னிக்கி நாலு எடத்துல வேல பாத்துகினு இருக்கறாங்க."

"கத்துக் குடுத்தே, சரி," என்றார் இன்ஸ்பெக்டர். "காப்பி போட்டு காஞ்சிபுரம் வரைக்கும் வித்தியே, அதுல எந்தப் பொண்ணு கத்துக்கினுது?"



ஆக, உன் மானிட்டர் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. உன் முதல் கடிதம் வந்த அன்றே எனக்கு உங்கண்ணன் மேல்தான் சந்தேகம். நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்ற பயம். உங்கண்ணனுக்குப் பொய் வராது. தெரிந்துவிட்டால் உனக்கு என்ன எழுதுவது? அதனால்தான் புளியிலைக் கரையைக் கையில் எடுத்தேன். அது பொய்யில்லை. ஆனால் அதை எடுத்த நேரம் எனக்கு வசதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றேன். "கேட்டா நீ வேணாம்னிருப்ப" என்றார். அவரோடு இப்போது சாப்பாட்டுக்குக் கூப்பிடும் அளவுக்குத்தான் பேச்சு.

விண்டோஸ். இன்ஸ்பெக்டர் கேட்டார். "மெஷின் வாங்கறப்பவே இருந்தது சார்" என்றேன். உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். உன்னைக் காப்பாற்றுவதற்காக என்று நினைத்துக்கொள்ளாதே. வீட்டு மனுஷி பேரை அந்த மேஜையின் முன்னால் சொல்ல நாக்கு புரளவில்லை.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஏன் என்று நானே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பரிமளா


ஆரணி
31 ஜூலை 2002

தேவிப்ரியாவுக்கு,

திங்கட்கிழமை நீ ஆரணிக்கு வந்திருக்கிறாய். பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்ததாகப் பூக்காரப் பொன்னியம்மாள் சொன்னாள். "உங்க நாத்தனாரு எளச்சிட்டுதே, ஒடம்பு செரியில்லியா?" என்று என்னைக் கேட்டாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்வது?

நீ ஏன் வந்தாய் என்பது நேற்றுத் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் மறுபடியும் கூப்பிட்டு அனுப்பினார். அதே மேஜை. இந்தத் தடவை லோகநாதன் இல்லை, உங்கண்ணன் மட்டும் பக்கத்தில்.

"வாங்கறப்பவே இருந்ததுன்னு நீங்க சொன்னீங்க. நான்தான் போட்டேன்னு உங்க நாத்தனாரு வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கறாங்க. யாரும்மா பொய் சொல்றது?"

நான்தான் என்றேன். அவர் திட்டவில்லை. எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவர் அடித்த கோட்டையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ உண்மையைச் சொன்னது தப்பென்று எழுத வரவில்லை. ஆனால் சொல்லும் முன்பு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ யோக்கியமாவதற்கு நான் பொய்க்காரியாக வேண்டியிருந்தது. உங்கண்ணன் என்னைக் கேட்காமல் சிடியைக் கொடுத்தார். நீ என்னைக் கேட்காமல் கரையை எடுத்தாய். இப்போது என்னைக் கேட்காமல் உண்மையையும் சொல்லிவிட்டாய். உங்கள் குடும்பத்தில் யாருக்குமே கேட்டுச் செய்யும் பழக்கம் இல்லையா?

நான் உன் பேரைச் சொல்லிவிடுவேன் என்று பயந்துதானே முந்திக்கொண்டாய்?

பரிமளா


சென்னை
6 ஆகஸ்ட் 2002

அண்ணி,

ஆமாம், பயமும் இருந்தது. முழுக்க நல்ல எண்ணத்தோடுதான் வந்தேன் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். படிக்கும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கிழிக்கவில்லை என்று நீங்கள் எழுதிய அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. அது மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன்.

ஸ்டேஷனிலிருந்து நம் தெரு வரைக்கும் வந்தேன். சந்தில் கொடியில் குழந்தைகளின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே மேஜை மட்டும் இருந்தது, மெஷின் இல்லை. நீங்கள் யாரிடமோ பேசுவது கேட்டது. உள்ளே வந்திருந்தால் அழுதிருப்பேன், நீங்கள் சோறு போட்டிருப்பீர்கள், அதோடு எல்லாம் மூடிப் போயிருக்கும். அதற்குத் தைரியம் இல்லாமல் திரும்பிவிட்டேன். நீங்கள் ஏற்கெனவே வேறு மாதிரி சொல்லியிருந்தது தெரிந்தும் யோசிக்காமல் செய்தேன். உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கரையிலும் கேட்டிருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள் என்று எழுத இத்தனை நாளாகியிருக்கிறது.

இங்கே நிலைமை இது. விண்டோஸைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததும், எங்கள் ஆபீஸ் மெஷின்களுக்கு முன்னால் உட்கார்ந்தேன். விண்டோஸுக்கு பில் இல்லை. இழையை எதில் எழுதினோமோ அந்த மென்பொருளுக்கும் இல்லை. பூட்டு வேலை செய்ய நான் எழுதிய நிரலைக்கூட அப்படிப்பட்ட ஒன்றில்தான் எழுதினேன். எழுதிய நாளெல்லாம் எனக்கு அது உறுத்தியதே இல்லை.

அருணகிரியிடம் சொன்னேன். "எல்லாத்தையும் வாங்கித்தான் ஆரம்பிக்கணும்னா நாம கம்பெனியே ஆரம்பிச்சிருக்க முடியாது ப்ரியா" என்றார்.

"ஸ்டேஷன்ல லோகநாதனும் இதையேதான் சொல்லியிருக்கறாரு" என்றேன்.

அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்டார். வித்தியாசம் இருக்கிறது. எங்களைப் போல இரண்டு பேர் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதியதை லோகநாதன் காப்பி போட்டு விற்றார். நான் யாருடையதையும் விற்கவில்லை. இப்படித்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அப்புறம் உங்கள் கரை நினைவுக்கு வந்தது. அதைப் போட்டு விற்றிருக்கிறேன்.

அருணகிரி போய்விட்டார். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. மறுநாள் வரவில்லை, அவ்வளவுதான். பெங்களூர்க்காரர்களிடம் நடந்ததைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

மாதிரிகள் பெட்டியிலிருந்து உங்கள் கரையை எடுத்துவிட்டேன். ஏற்கெனவே வெளியே போனவற்றை என்னால் திரும்பக் கூப்பிட முடியாது. அந்தக் கஷ்டம் எப்படிப்பட்டது என்று இப்போது நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

ப்ரியா


ஆரணி
16 டிசம்பர் 2002

அன்பு ப்ரியாவுக்கு,

பெங்களூர் விலாசம் எழுதிப் பழகவில்லை. பின்கோடை உன் பார்சலைப் பார்த்துத்தான் எழுதினேன். அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். சின்னவன் உனக்கு மஃப்ளர் வாங்கி அனுப்பச் சொல்கிறான்.

மெஷின் ஐப்பசியில் திரும்பி வந்தது. இனிமேல் பில் இல்லாமல் எதையும் போட மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். விண்டோஸை வேலூரில் பில் போட்டு வாங்கினோம். அந்த பில்லை உங்கண்ணன் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறார். கிண்டலா, பயமா என்று நான் கேட்கவில்லை. ஆவணி ஆர்டர் எல்லாம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. கார்த்திகையில் இரண்டு கடைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். லோகநாதன் அதே இடத்தில் ஜெராக்ஸ் கடை போட்டிருக்கிறார். கேஸ் இன்னும் நடக்கிறது. உங்கண்ணனைப் பார்த்தால் இப்போதும் டீ வாங்கிக் கொடுக்கிறார். இரண்டு பேருக்குள்ளும் கோபமே இல்லை. எனக்குத்தான் புரியவில்லை.

உனக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். இனிமேல் சொல்லாமல் செய்ய மாட்டேன், இது கடைசி. அந்த சிடியை வைத்து வேலை பார்க்கும் டிசைன் ரூம்கள் எவை எவை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் போனேன். "இது என் நாத்தனாரு எழுதினது. காசு குடுத்து வாங்கிக்கங்க" என்றேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. போலீஸ் வந்துபோன வீட்டுக்காரி புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று நான் படியிறங்கும்போது காதில் விழும்படியே சொன்னார்.

தேவிகாபுரத்தில் கண்ணகி என்று ஒரு பெண். லோகநாதனிடம் படித்தவள். வீட்டிலேயே ஒரு பழைய மெஷினை வைத்துக்கொண்டு சுற்றுப்பட்ட தறிகளுக்கெல்லாம் வரைந்து கொடுக்கிறாள். நான் போனபோது திரையில் என் புளியிலைக் கரை. அதன் அடியில் ஒரு பூவைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு வரஞ்சது தெரியுமா?" என்றேன்.

"சிடிலயே இருந்துதுக்கா. இந்த நுனி எப்பிடி வந்ததுன்னுதான் புரியல. அத மட்டும் நான் தொடல. தொட்டா கெட்டுப்போவும் போலக்குது."

நான் போன வேலையை மறந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து அந்த நுனியை எப்படிச் சேர்த்தேன் என்று காட்டிக் கொடுத்தேன். கிளம்பும்போதுதான் இழையைப் பற்றிச் சொன்னேன். "வாங்கணும்க்கா. இப்பத்திக்கி முடியாது. ஆனா வாங்கணும்" என்றாள். இப்படி எல்லாரும்தான் சொல்வார்கள். அவள் சொன்னது உண்மைதானா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். முன்பெல்லாம் நான் அப்படி யோசிக்கிறவள் இல்லை.

மொத்தத்தில் இரண்டே பேர் வாங்குகிறேன் என்றிருக்கிறார்கள். அவர்கள் விலாசத்தைத் தனியாக எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இழையைத் தொடர்ந்து பார்ப்பதாக எழுதியிருந்தாயே, அதனால் சொல்கிறேன்.

இழை சிடியும் பூட்டும் வைத்த உன் பார்சல் வந்தது. நான் கேட்டபடியே எல்லாருக்கும் போடும் விலையையே எனக்கும் போட்டிருக்கிறாய். குறைத்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். பணம் டிராஃப்டாக வருகிறது.

போட்டதும் மாதிரிகள் பெட்டியைத்தான் முதலில் திறந்தேன். என் கரை அதில் இல்லை. எடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய், எடுத்திருந்தாய். அத்தோடு மூடிவிட்டு வேலையைப் பார்த்திருக்க வேண்டும். நான் மற்றப் பெட்டிகளையும் திறந்தேன். பேரை மாற்றி வேறெங்காவது வைத்திருக்கிறாயா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை. எங்கேயும் இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், வெட்கமாகத்தான் இருந்தது. இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். நாம் எழுதாமல் விட்டது ஏற்கெனவே நிறைய.

பொங்கலுக்கு வா. உங்கண்ணன் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இழை இரண்டு இடத்தில் முரண்டு பிடிக்கிறது, நீதான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நீ மெஷின் முன்னால் உட்காரும்போது நானும் ஒரு ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். காவலுக்கா, பேச்சுத் துணைக்கா என்று கேட்காதே. எனக்கே இன்னும் தெரியவில்லை.

வா.

பரிமளா அண்ணி